தரை தொடும் திரை

தெரணியகலைக் கடைவீதியில் பஸ் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் அரைக்கடை ஒன்று இருக்கிறது. ஒரே கடையாக இருந்ததைப் பலகை வைத்து மறித்து, ஒரு பாதியைக் கைப்பேசி பழுது பார்ப்பவருக்கும் மறு பாதியைச் சீதாதேவிக்கும் விட்டிருக்கிறார்கள். பதினொரு வருடமாக அவள் அங்கே திரைச்சீலை மட்டும் தைக்கிறாள். யாராவது பிளவுஸ் துணியோடு வந்து நின்றால் அடுத்த தெருவுக்குக் கையைக் காட்டிவிடுவாள்.

அதற்குக் காரணம் உண்டு. பதினாறு வயதில் தோட்டத்தில் றப்பர்ப் பால் வெட்டப் போனவள், இருபத்திரண்டில் அதை விட்டுவிட்டு அவிசாவளையில் ஓர் ஆடைத் தொழிற்சாலைக்கு பஸ் ஏறினாள். அங்கே ஒன்பது வருடம் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டுந்தான். உடம்பு இல்லாத, கை இல்லாத காலர்கள். "மனுசங்க அளவு எனக்கு அலுத்துப்போச்சி" என்பாள். "ஜன்னலுன்னா நல்லது. குண்டாகாது, மெலியாது. போன வருசம் எடுத்த அளவு இந்த வருசமும் சரியா இருக்கும்."

அப்படிப்பட்டவளின் சொந்த வீட்டு ஜன்னல்களில் பழைய சேலைகள் தொங்கின.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தவரைக்கும் அது ஒரு குறையாகவே இல்லை. லயக் காம்பராவில் ஜன்னல் என்று சொல்லிக்கொள்ள இருந்தது ஒரேயொரு பலகைக் கதவு. அதைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கோழிக்கூடு. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால், தோட்டத்துக்கு மேலே ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டிய தனி வீடுகளில் ஒன்றின் சாவி அவளுக்கும் கணவன் ராஜதுரைக்கும் கிடைத்தது. கூடம், இரண்டு அறை, குசினி, முன்னால் நாலடிக்கு ஒரு விறாந்தை. ஜன்னல் ஐந்து. சாவியை வாங்கிய அன்று ஐந்தையும் திறந்து வைத்துவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு கையில் கிடைத்த சேலைகளைக் கிழித்துக் கயிற்றில் கோர்த்து விட்டதோடு சரி. கேட்டால் நேரமில்லை என்பாள். உண்மையில் அந்த வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

செப்டெம்பர் மாதத்தில் ஒருநாள் ஹப்ஸா கடைக்கு வந்தாள். தெரணியகலை அவளுக்குத் தாய்வீடு. கட்டிக்கொடுத்தது இரத்தினபுரியில். கணவர் பளீல் மாணிக்கக்கல் வியாபாரி. ஹப்ஸாவைச் சீதாதேவிக்குக் கடை திறந்த நாளிலிருந்து தெரியும். ஒவ்வொரு பெருநாளைக்கும் தாய்வீட்டுத் திரைகள் இவள் கையால்தான்.

"சீதா, ஒரு பெரிய வேல ஈக்கி. வேற யாருக்கும் குடுக்க மனசில்ல" என்று சொல்லிக்கொண்டே ஹப்ஸா ஒரு புத்தகத்தை வெட்டுப் பலகைமேல் வைத்தாள். பலகை அதிர்ந்தது. அவ்வளவு கனம். "மகள் யும்னா அனுப்பினது. அமெரிக்காட தெக்குப் பக்கம் ஈக்கிற பழைய மாளிகையெல்லாம் இதுல ஈக்கி. அவ ஒவ்வொன்னாப் போய்ப் பார்த்தும் ஈக்கா."

"அரமனையா நோனா?"

"அரமனை இல்ல. பருத்தித் தோட்டம் வெச்சிருந்த தொரமார்ட வூடுகள்."

"அங்கயும் தோட்டமா?"

"ஓ, தோட்டந்தான். எங்கட புது வூட்டு ஹோலை இது போலச் செய்யோணும். நோன்புக்கு முந்தி முடியோணும்."

புது வீடு என்று அவள் சொன்னது இரத்தினபுரியில் அவர்கள் வாங்கிய ஒரு பழைய வீட்டை. உயரமான கூரை, ஏழு பெரிய ஜன்னல்கள். அவற்றுக்குத் திரை. சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குவதற்கு இன்னொரு சாமான். ஹப்ஸா பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். மேசைக்கு நேர் மேலே ஆள் நீளத்துக்கு ஒரு பலகை தொங்கியது. பலகையின் கீழ் விளிம்பில் துணிச் சுருக்கம். ஓரத்திலிருந்து ஒரு கயிறு சுவர்ப் பக்கம் போனது.

"பங்கா. கரண்ட் இல்லாத காலத்து விசிறி. பலகைய பாஸ் செஞ்சிட்டார். துணி நீங்க தைக்கோணும்." பாஸ் என்றால் அங்கே தச்சர்.

புத்தகத்தை இரண்டு கிழமைக்கு வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு ஹப்ஸா போனாள். சீதாதேவி அதை ஒரு உரப்பையில் சுற்றி மழையில் நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வேலைக்காகப் பார்க்கத் தொடங்கியவள் இரண்டாம் நாளே வேலையை மறந்துவிட்டாள். அந்த அறைகள் ஏன் அப்படிப் பெரிதாகத் தெரிகின்றன என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. சீப்பின் நுனியால் படத்தின் மேல் அளந்து அளந்து பார்த்தாள். பிறகு ஒன்று விளங்கியது. திரை ஜன்னலுக்கு மேல் தொடங்கவில்லை. கூரையைத் தொடும் இடத்தில் தொடங்கியது. ஜன்னல் எங்கே முடிந்தாலும் திரை தரை வரைக்கும் வந்து, தரையிலும் ஒரு சாண் படர்ந்து கிடந்தது. கண் துணியைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. ஜன்னல் சின்னதா பெரிதா என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு ஜன்னலுக்கு நடுவே சுவரில் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே இன்னொரு ஜன்னல். வெளியே இருக்கிற மரமும் வெளிச்சமும் இரண்டு தடவை உள்ளே வந்தன.

பதினொரு வருடமாக ஜன்னலுக்குத் துணி வெட்டியிருக்கிறாள். சுவருக்குத் துணி வெட்டலாம் என்று தோன்றியதே இல்லை.

ராஜதுரை றப்பர் ஸ்டோரில், பாலை உறையவைத்த சீட்டுகளுக்குப் புகை போடுகிறவன். வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தாலும் அந்தப் புகை வாசம் தோளில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அவன் அவளுக்குப் பின்னால் நின்று புத்தகத்தை எட்டிப் பார்த்தான்.

"என்னா புள்ள இது, தொர வூடா?"

"அமெரிக்காத் தொர வூடுங்க. இங்க பாருங்களேன். நம்ம கூடத்துக்கும் இதே மாதிரி மேலேருந்து விட்டோம்னா..."

"நம்ம வூட்டுக்கா?" அவன் சிரிக்கவில்லை. "வேணாம் சீதா. சனம் சிரிக்கும். தொர வூடு மாதிரி கட்டிவச்சி யாருக்குக் காட்டப் போறோம்?"

"யாருக்கும் இல்ல. நமக்குத்தான்."

"நீ தெர மாட்டப் பங்களாவுக்கு உள்ள போயிப் பாத்தவ. ஒனக்கு ஆசையா இருக்கு. நான் பின்னாடி நின்னவன்."

அவன் எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ராஜதுரையின் அம்மாவுக்கு ஒருநாள் மூச்சு முட்டியது. கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறியைக் கேட்கலாம் என்று அவன் தோட்டத்தை நடத்திய பெரிய துரையின் பங்களாவுக்கு ஓடினான். குசினிப் பின்கதவுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். துரை சாப்பிடுகிறார், முடிந்ததும் சொல்கிறோம் என்றார்கள். மழை. உள்ளே பீங்கானில் கரண்டி படுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் போனதும் அவன் திரும்பி ஓடி ஒரு திரீவீலைப் பிடித்தான். அம்மா பிழைத்துக்கொண்டார். அந்தக் கரண்டிச் சத்தந்தான் அவனை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் யாராவது பீங்கானைத் தட்டினால் எழுந்து வெளியே போய்விடுவான்.

அவள் புத்தகத்தை மூடி உரப்பைக்குள் வைத்தாள். ஆசையை மூடி வைக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் கேஷானி வந்தாள். அவிசாவளையில் ஒரு மருந்துக் கடையில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். ஆங்கிலம் வாசிப்பாள். படங்களுக்குக் கீழே இருக்கிற சின்ன எழுத்தை வாசித்துச் சொல்லச் சொன்னாள் சீதாதேவி.

"இந்த விறாந்தக் கூரைக்கு நீலம் அடிச்சிருக்காங்க பாருங்கம்மா. நீலத்தப் பாத்தா பேய் வராதாம். தண்ணின்னு நெனச்சிக்கிட்டுத் தாண்டாதாம். இன்னும் சில பேரு, குளவி கூடு கட்டாதுன்னு சொல்லுவாங்களாம், ஆகாசம்னு ஏமாந்துருமாம்."

மூலையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ராஜதுரை நிமிர்ந்தான். "குளவியா? மெய்யாவா?" போன மாதந்தான் பன்னிரண்டாம் நம்பர் மலையில் குளவி கொட்டி மூன்று பெண்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

"அப்பிடித்தான் போட்டிருக்குப்பா."

பங்காப் படம் வந்ததும் கேஷானி கொஞ்ச நேரம் மனதுக்குள் வாசித்தாள். பிறகு சொன்னாள். "இதச் சின்னப் புள்ளைங்கதான் இழுத்திருக்காங்க. அடிமைப் புள்ளைங்க. சாப்புட்டு முடியிறவரைக்கும் மூலையில நின்னு கயித்த இழுத்துக்கிட்டே இருக்கணும். காத்து வரணும், ஆனா மெழுகுவத்தி அணையக் கூடாது. அந்த அளவுக்கு இழுக்கப் பழக்குவாங்களாம்."

"அந்தத் தோட்டத்துல வேல செஞ்ச ஆளுக எல்லாருமே அடிமைங்களா?"

"எல்லாரும். வாங்குறதும் விக்கிறதும். இந்த வூட்டக் கட்டுனதும் அவங்கதானாம். அந்த நீலக் கதையும் அவங்க கொண்டாந்ததுதானாம்."

சீதாதேவிக்கு அந்தக் கயிறு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. கயிறு இல்லை, கொளுக்கி. அடுத்த தோட்டத்துப் பங்களாவை இப்போது உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். போன வருடம் அங்கே திரை தொங்கவிட ஏணியில் ஏறியபோது, சாப்பாட்டு அறை உத்தரத்தில் பெரிய இரும்புக் கொளுக்கிகள் வரிசையாக இருந்ததைப் பார்த்தாள். சுவரில் உயரத்தில், பித்தளை வளையம் போட்ட ஒரு துளை. பூனைக்குட்டி நுழையலாம். எதற்கு என்று அப்போது கேட்கவில்லை. நூலை அதற்குள் விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒக்டோபரில் அந்தப் பங்களாவை நடத்தும் காமில் என்ற பையன் போனில் கோல் எடுத்தான். மழைக்கு இரண்டு ஜோடித் திரையில் பூஞ்சணம் பிடித்துவிட்டது, கழற்றி லைனிங் மாற்றித் தர வேண்டும் என்றான். ஏணி பிடிக்கிற ஆள் ஊரில் இல்லை. சீதாதேவி கணவனைக் கேட்டாள். அவன் வரமாட்டான் என்று நினைத்துத்தான் கேட்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றான். அது அவன் மழையில் நின்ற அதே பங்களா இல்லை. ஆனால் வெள்ளைக்காரக் காலத்துப் பங்களா எல்லாம் ஒரே அச்சுத்தான்.

கேட் தாண்டியதும் ராஜதுரையின் கால் தன்பாட்டில் பக்கவாட்டுப் பாதையில் திரும்பியது. காமில் முன்படியில் நின்று கத்தினான். "அண்ணன், எங்க போறீங்க? இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம்!"

ராஜதுரை முன்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். காமில் பரவாயில்லை போடுங்க என்றதும் சங்கடப்பட்டு, தூணுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தான். சாப்பாட்டு அறையில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி தேங்காய்ப்பூ போட்ட பொல் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தலையாட்டி குட் மோர்னிங் சொன்னாள். அவன் ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டு "மோனிங்" என்றான்.

அவர்கள் எழுந்து போன பிறகு வேலை தொடங்கியது. சீதாதேவி ஏணியில் நின்று கொளுக்கிகளைக் காட்டினாள். துளையைக் காட்டினாள். கேஷானி வாசித்ததைச் சொன்னாள். "கயிறு இதுக்குள்ளாற போயிருக்கும்போல. அமெரிக்காவுல மூலையில நிக்க வச்சிருக்காங்க. இங்க ஆளையே உள்ள விடல."

ராஜதுரை துளையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போனான். அவள் ஏணியில் தனியாக நின்றாள். ஏதோ கோபமோ என்று இறங்கித் தேடிக்கொண்டு போனால், பின்னால் குசினிக்குப் பக்கத்து விறாந்தையில், சுவரில் அந்தத் துளை வெளியே வருகிற இடத்துக்குக் கீழே அவன் குந்தி உட்கார்ந்திருந்தான். எதிரே விறகுக் கொட்டில். இடது பக்கம் குசினிக் கதவு.

"இங்க உக்காந்துதான் இழுத்திருக்கான்" என்றான். "உள்ள என்னா நடக்குதுன்னே தெரியாது. கரண்டிச் சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த ஆள் யாரென்று இருவருக்கும் தெரியாது. தங்கள் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. யாரோ ஒருவர். கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து மறுபடி உள்ளே போனான். இந்த முறை அறை அறையாகப் போய்ப் பார்த்தான். கூரைப் பலகையில் ஒழுக்குக் கறை. சீமெந்துத் தரையில் வெடிப்பு. ஒரு ஜன்னல் கொண்டி கம்பியால் கட்டியிருந்தது. ஸ்டோர்க்காரன் கண்ணால் எல்லாவற்றையும் பார்த்தான்.

பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கினார்கள். தோட்டத்து ஏற்றத்தில் பாதி ஏறியதும் ராஜதுரை நின்று மூச்சு வாங்கினான்.

"இம்புட்டுதான் அந்த வூடு. இதுக்கா இத்தன வருசம் பயந்துக்கிட்டுத் திரிஞ்சேன்?" பிறகு நடந்துகொண்டே கேட்டான். "மேலேருந்து விடணும்னியே. எத்தன அடி?"

"எட்டடி."

"கம்பி வேணாம். மூங்கில் போட்டா வளையாது. நான் வெட்டிப் புகையில வச்சித் தாறேன். புழு விழாது."

அடுத்த நாள் கடையிலிருந்து சீதாதேவி ஹப்ஸாவுக்கு கோல் எடுத்தாள். ஏழு ஜன்னலுக்கும் துணி வெட்டியாகிவிட்டது, நோன்புக்கு முன்னால் முடித்துவிடுவேன் என்றாள். பிறகு சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"நோனா, அந்தப் பங்கா மட்டும் வேற யாருக்கிட்டயாவது குடுங்க."

"ஏன்? ஒரு சுருக்கந்தானே சீதா. அர நாள் வேல."

"வேல சின்னதுதாங்க. கை போக மாட்டேங்குது." காரணத்தையும் சொன்னாள். கேஷானி வாசித்தது, துளை, பின்விறாந்தை. நன்றாகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அது அந்தக் காலம். நாங்க யாரையும் இழுக்கச் சொல்லப் போறதில்லையே" என்றாள் ஹப்ஸா கடைசியில். குரலில் மனத்தாங்கல் இருந்தது. "சரி, உங்கட இஷ்டம்." போன் வைக்கப்பட்டது.

மறுநாள் ஹப்ஸாவின் அண்ணன் கடை ஆள் வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு இரத்தினபுரியிலிருந்து எந்தக் கோலும் வரவில்லை. சீதாதேவி தைத்து முடித்த ஒவ்வொரு திரையையும் மடித்துப் பழைய துணி சுற்றி அடுக்கிக்கொண்டே போனாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று நினைக்கிற நேரங்களில் தன் வீட்டு வேலையை எடுத்தாள்.

அந்த ஐப்பசியில்தான் அந்த வீடு வீடானது. அவிசாவளையில் ஏற்றுமதிக்குக் கழித்த துணியை நிறுத்து விற்கிற இடத்தில், சோறு வடித்த கஞ்சி நிறத்தில் கனமான பருத்தித் துணி கிடைத்தது. அங்கங்கே நெசவு அறுந்திருந்தது. அறுந்த இடங்கள் மடிப்புக்குள் போகிறமாதிரி வெட்டினாள். ராஜதுரை புகையில் பதப்படுத்திய மூங்கில்களைக் கூரைக்குக் கீழே சுவரோடு அடித்தான். மூன்றடி ஜன்னலுக்கு எட்டடித் திரை. தரையில் படரவிடத் துணி போதவில்லை. போதியிருந்தாலும் விட்டிருக்கமாட்டாள். சேறு மிதித்து வருகிற வீட்டில் அது சரிப்படாது. தரையைத் தொடுகிறமாதிரி, ஒரு நூல் இடைவெளி விட்டு நிறுத்தினாள்.

கண்ணாடிக்குக் கடைவீதியில் பழைய தளபாடம் விற்கிற முஹ்ஸினிடம் போனாள். கதவு மட்டும் மிச்சமிருந்த ஓர் அலுமாரி. கதவில் ஆள் உயரக் கண்ணாடி, ஓரத்தில் ரசம் போய்க் கறுத்திருந்தது. அதை இரண்டு பேர் தலையில் வைத்து மேலே கொண்டுவந்தார்கள். கூடத்தில் வாசலுக்கு எதிரே வைக்கச் சொன்னான் ராஜதுரை. அவள் கேட்கவில்லை. ஜன்னலுக்கு எதிரே வைத்தாள். வைத்ததும் எதிர் மலையின் றப்பர் மரங்களும், அதற்கு மேலே ஒரு துண்டு வானமும் சுவருக்குள் வந்து நின்றன. ராஜதுரை அதன் முன்னால் போய், தான் மறைக்கிறோம் என்று தெரிந்து தள்ளி நின்றான்.

விறாந்தைக் கூரைக்கு நீலம் அவனே அடித்தான், தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால். பேய்க்காக இல்லை. குளவிக்காக.

பக்கத்து வீட்டு இருளாயி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள். அவள் சீதாதேவியைவிடப் பத்து வயது மூத்தவள், இன்றும் பால் வெட்டுகிறாள். "என்னாடி சீதா, சீமைத் தொர வாராரா? கூரையிலேருந்து சேல கட்டி விட்டிருக்க?" அன்று சாயந்தரத்துக்குள் மேல்வரிசை முழுக்க அது பரவிவிட்டது. கொஞ்ச நாளைக்கு ராஜதுரையை ஸ்டோரில் 'பங்களாத் தொர' என்று கூப்பிட்டார்கள். அவன் கோபப்படுவான் என்று சீதாதேவி பயந்தாள். அவனோ, "ஆமாடா, பங்களாதான். வந்து பாருங்கடா, முன்வாசல் வழியா வாங்க" என்றான். இரண்டு பேர் மெய்யாகவே வந்தார்கள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

தைப்பொங்கல் முடிந்து நான்காம் நாள் ஹப்ஸா வான் அனுப்பினாள். கோலில் ஒரு வார்த்தைதான். "வான் வருது, எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு வாங்க."

இரத்தினபுரி வீட்டில் நாள் முழுக்க வேலை. பதினாலடித் திரைகள். அவை விரிந்து தரையில் படர்ந்தபோது ஹப்ஸாவின் முகம் மலர்ந்ததைச் சீதாதேவி பார்த்தாள். இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாட்டு அறை ஜன்னல்கள் கடைசியாக வந்தன. உள்ளே போனதும் அவள் கண் மேலே போனது. பங்கா தொங்கியது. யாரோ தைத்திருக்கிறார்கள். கயிறு இல்லை. கயிறு மாட்டுகிற வளையம்கூட இல்லை, இருந்த இடத்தை மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

"யும்னாக்கிட்ட சொன்னேன், நீங்க சொன்னத" என்றாள் ஹப்ஸா, பின்னாலிருந்து. "அவ என்னோட சண்ட போட்டா. 'உம்மா, அங்க அந்தப் பங்காக்குக் கீழ நிக்க வெச்சுத்தான் அந்தப் புள்ளைகள்ட கதைய எங்களுக்குச் சொன்னாங்க, நான் அந்தப் பக்கத்த வாசிங்க எண்டு சொன்னேனே' எண்டா. நான் படத்த மட்டுந்தான் பார்த்தீக்கேன். கழட்டுவோம் எண்டேன். இவர் விடல்ல, பலகை நல்ல பலா எண்டார். அப்ப கயித்தையாவது எடுங்க எண்டு சொல்லிட்டேன்." மேசை விளிம்பைத் தடவினாள். "உங்களோட கோவிச்சீந்தது எனக்கே வெக்கமாப் போச்சு. அதுதான் கோல் எடுக்கல்ல."

சீதாதேவி அண்ணாந்து பங்காத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுருக்கம் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறு பக்கம் தளர்வாகவும் இருந்தது. விளிம்பு கீழே தொய்ந்து, மழைக்கு நனைந்த கோழி இறகுபோல் இருந்தது.

"இத யாருங்க தச்சது?"

"டவுன்ல ஒருத்தர். ஏன், சரியில்லையா?"

"பாக்க முடியல நோனா." அவள் ஏணியை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போட்டாள். "கயிறு இல்லன்னா வெறும் துணிதானே. கத்தரிக்கோலக் குடுங்க." பிரித்து, மறுபடி அளவு பார்த்து, அவள் தைத்து முடிக்கிறவரை ஹப்ஸா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் அந்த மேசையிலேயே, அந்தத் துணிக்குக் கீழேயே, இருவரும் சோறு சாப்பிட்டார்கள்.

மாசி மாதத்தில் இருளாயி ஒரு சாயந்தரம் வந்து சீதாதேவியின் கூடத்தில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி குடித்தாள். திரையைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தாள். அதற்கு முந்திய கிழமைதான் விறாந்தையின் நீலக் கூரை மூலையில் குளவி ஒன்று மண்ணால் சின்னக் கூடு கட்டத் தொடங்கி, ராஜதுரை அதைத் தென்னங்கீற்றால் தட்டிவிட்டிருந்தான். "அமெரிக்காக் குளவிக்கும் நம்ம குளவிக்கும் வித்தியாசம் இருக்கு" என்று அவன் அதை ஸ்டோரிலும் சொல்லிச் சிரித்தான்.

"எனக்கும் ஏதாவது செஞ்சி குடு" என்றாள் இருளாயி.

சீதாதேவிக்கு உற்சாகம் வந்துவிட்டது. எழுந்து அவள் வீட்டுக்குப் போய் அளவு நாடாவை விரித்தாள். இந்த ஜன்னலுக்கு எட்டடி, அந்தச் சுவரில் கண்ணாடி, நிறம் வெளிறியதாக இருந்தால் அறை பெருசாகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனாள். இருளாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"கண்ணாடி வேணாம். அதுல என் மூஞ்சியே தெரியும். தெரயும் வேணாம், எனக்கு மல தெரியணும். எனக்கு நீலம் வேணும்."

"விறாந்தக் கூரைக்குத்தானேக்கா?"

"இல்லடி. உள்ள. கூரைக்கு, செவுத்துக்கு, குசினிக்கு, எல்லாத்துக்கும். நாப்பது வருசமா வெள்ளப் பாலப் பாத்துப் பாத்து எனக்கு வெள்ளையே புடிக்கல."

"குசினிக்கு நீலம் அடிச்சா புகை பட்டுக் கறுத்துருங்க்கா. அறையும் சின்னதாத் தெரியும்."

"தெரியட்டும். நான் ஒருத்திதானே இருக்கேன்."

சீதாதேவி அந்த அறையின் நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்தாள். அந்தப் புத்தகத்தில் எந்த மாளிகையிலும் அப்படி ஓர் அறை இல்லை. அளவு நாடாவைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"சரிக்கா. என்னா நீலம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.